வளர்பிறை வாய் திறக்காத குளிர்காலம்

டென்மார்க்கின் ஒடென்சேத் தமிழரிடம் போய் மனோரஞ்சிதம் யார் என்று விசாரித்தால், முதியவர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறவள் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். தவராஜாவின் மனைவி என்றும் சொல்லமாட்டார்கள். அப்படிச் சொன்னால் தவராஜாவுக்குத் தலைக்கனம் கூடிவிடும் என்ற பயம். "எங்கடை ரீமுக்குச் சமைக்கிற மனோ அன்ரியோ?" என்றுதான் கேட்பார்கள். வளர்பிறை விளையாட்டுக் கழகத்தின் உதைபந்தாட்ட அணி இருபத்திரண்டு வருடமாக எந்த ஊருக்கு விளையாடப் போனாலும் அவளுடைய சட்டிகளும் கூடவே போயிருக்கின்றன. கிண்ணம் கிடைத்த வருடங்களிலும் போயின, கிடைக்காத வருடங்களிலும் போயின. கிடைக்காத வருடங்கள்தான் அதிகம்.

அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. இருபத்தைந்து வயதில் மணப்பெண்ணாக டென்மார்க் வந்து இறங்கினாள். வந்த மூன்றாம் மாதமே கோழித் தொழிற்சாலையில் வெள்ளைத் தொப்பியும் ரப்பர் சப்பாத்தும் போட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்று, அவள் ஒரு காலை வெட்டிய கோழியின் மற்றக் காலை வெட்டியவள் மேரிகிறேஸ். பதினொரு வருடம் அப்படி நின்றதில் இருவருக்கும் ஒரே தோளில் ஒரே நோவு வந்தது, விட்டுப் பிரியாத சிநேகிதமும் வந்தது. பிறகு மனோரஞ்சிதம் படித்து, பரீட்சை எழுதி, வீட்டுப் பராமரிப்பு வேலைக்கு மாறினாள். இன்றைக்கும் காலை ஏழு மணிக்கு முதலாவது வீட்டுக் கதவைத் திறந்து, அங்கிருக்கும் முதியவருக்குக் காலுறை மாட்டி, மாத்திரை கொடுத்து, மூச்சு வாங்க அடுத்த வீட்டுக்கு ஓடுகிறாள். பெற்றது ஒரே மகள், கஜந்தி. அவள் கொப்பன்ஹேகனில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து டேனிஷில் சுகம் விசாரிப்பாள், தாய் தமிழில் பதில் சொல்வாள். இருவருக்கும் அது சரியாகத்தான் போகிறது.

பெற்றது ஒன்றானாலும் சாப்பாடு போட்டு வளர்த்தது ஒரு பட்டாளம். மேரிகிறேஸின் மகன் டெனிஸ்ரன் ஏழு வயதில் கழகத்துக்கு வந்தபோது பந்தைவிட மனோ அன்ரியின் மீன் பற்றிஸைத்தான் கூடுதலாகப் பிடித்தான். இன்று அவனுக்கு இருபத்தாறு வயது, ஆறடி உயரம், வளர்பிறையின் கோல் காப்பாளன். அவனோடு ஒன்றாக வந்த சுபாங்கன் இப்போது அணித்தலைவன். கழகத்தின் செயலாளரும் அவன்தான். இருவருக்கும் தாடி வந்துவிட்டது. அன்ரிக்கு முன்னால் மட்டும் இன்னும் ஏழு வயதுதான்.

இத்தனை வருடம் மழையங்கி போட்டுக்கொண்டு கோட்டோரம் நின்று கத்தியிருக்கிறாளே தவிர, விளையாட்டு அவளுக்கு முழுதாக விளங்காது. ஓஃப்சைட் என்றால் என்ன என்று தவராஜா சாப்பாட்டு மேசையில் கரண்டிகளையும் கோப்பைகளையும் அடுக்கி எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறார். அவள் தலையாட்டிவிட்டுக் கோப்பைகளைக் கழுவ எடுத்துப் போய்விடுவாள். அவளுக்கு நன்றாக விளங்கியது ஒன்றுதான். பெடியள் ஓடுகிறார்கள், ஓடினால் பசிக்கும். நடந்த பிழையும் அதில்தான் நடந்தது.

போன ஆவணி மாதம், நாட்டிலுள்ள தமிழ்க் கழகங்கள் கூடும் வருடாந்தச் சுற்றுப்போட்டி. வளர்பிறை அன்று காலையில் இருந்து ஒரு ஆட்டமும் தோற்காமல் இறுதியாட்டத்துக்கு வந்திருந்தது. எதிரணி ஹோர்சன்ஸ். முதற்பாதி முடியும்போது மூன்றுக்குப் பூச்சியம். ஒடென்சே ஆதரவாளர்கள் கிண்ணத்தை யாருடைய வீட்டு அலுமாரியில் வைப்பது என்று கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பிரதம விருந்தினர் வந்து சேர்ந்தார். லண்டனில் இருந்து வரவேண்டிய விமானம் பிந்தி, காலையில் வந்து வீரர்களுக்குக் கைகொடுக்கவேண்டிய மனிதர் பின்னேரம் மூன்று மணிக்கு வந்தார். வேறு ஆட்கள் என்றால் ஒரு கதிரையைக் காட்டி இருத்திவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் விடுவார்களா? ஐந்து நிமிட இடைவேளையை நீட்டி, விளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, வரவேற்புரை, அதற்குப் பதிலுரை என்று முக்கால் மணித்தியாலம் இழுத்தார்கள். ஒலிவாங்கி தவராஜாவின் கையில் இருந்தது. அது அவர் கைக்கு வந்தால் திரும்பி வருவது கஷ்டம். ஆதரவாளர்கள் எல்லோரும் படம் எடுக்க மேடைப் பக்கம் போய்விட்டார்கள். விளையாடுகிற பெடியள் உடுப்பு மாற்றும் கட்டடத்தின் பின்னால் புல்லில் குந்தியிருந்தார்கள்.

மனோரஞ்சிதத்துக்கு மனம் பொறுக்கவில்லை. காலையில் இருந்து ஓடின பிள்ளைகள். வெற்றிக்குப் பிறகு திறக்கவென்று புட்டும், ஆட்டிறைச்சிக் கறியும், கத்தரிக்காய்ப் பொரியலும், ஒரு பெரிய சட்டி நிறையப் பாயாசமும் அவர்களுடைய வான் வண்டிக்குள் சூடாக இருந்தன. மூன்று கோல் அடித்தாயிற்று. வெற்றிக்குப் பிறகு தின்றால் என்ன, கொஞ்சம் முன்னதாகத் தின்றால் என்ன?

"அன்ரி, இப்ப வேண்டாம்," என்றான் டெனிஸ்ரன். "இன்னும் ஒரு பாதி கிடக்கு. முடியச் சாப்பிடுவம்."

"வெறும் வயித்தோடை என்னண்டடா பாயப்போறாய்? ரெண்டு வாய் தின். நீ தின்னாட்டி மற்றப் பெடியளும் தின்னமாட்டாங்கள்."

அன்ரி நீட்டிய கோப்பையைத் தள்ளிவைக்க எங்கள் பெடியளுக்குத் தெரியாது. டேனிஷ் பள்ளிக்கூடம் அவர்களுக்கு எவ்வளவோ சொல்லிக் கொடுத்தது, அதை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. டெனிஸ்ரன் இரண்டு வாய் என்றுதான் தொடங்கினான். அவள் புட்டின்மேல் கறி விட்டாள், கறி கூடிப்போனதென்று இன்னும் புட்டு வைத்தாள். பதினொரு பேரும் தின்றார்கள். கரையில் இருந்த மாற்று ஆட்டக்காரரும் தின்றார்கள். சுபாங்கன் இரண்டாம் தரமும் பாயாசம் வாங்கினான். அந்தப் பக்கம் ஹோர்சன்ஸ் பெடியள் ஆளுக்குப் பாதி வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அவர்களுக்கும் கொஞ்சம் அனுப்புவோமா என்றுகூட யோசித்தாள். அனுப்பியிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

இரண்டாம் பாதியில் இருபத்தைந்து நிமிடத்தில் ஐந்து கோல் விழுந்தது. முதலாவது டெனிஸ்ரனின் கைக்குள்ளால் நழுவிப் போனது. இரண்டாவதுக்கு அவன் பாயவே இல்லை. சுபாங்கன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடுக்கோட்டில் நின்றான். இடதுபக்கத்தில் ஓடவேண்டியவன் ஓரமாகப் போய்க் குனிந்து சத்தி எடுத்தான். வெயில் பிடித்துவிட்டது என்று ஆட்கள் சொன்னார்கள். மூன்றாவது கோலிலேயே மனோரஞ்சிதத்துக்கு விளங்கிவிட்டது. அவள் கத்துவதை நிறுத்திவிட்டு வானுக்குப் போனாள். எச்சில் கோப்பைகளை ஏற்கெனவே கறுத்தப் பைக்குள் போட்டுக் கட்டியிருந்தாள். அந்தப் பையை ஆசனத்துக்குக் கீழே இன்னும் உள்ளே தள்ளி வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது.

தோற்ற அன்று சாப்பாடு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் தவராஜாதான் தொடங்கினார்.

"மனோ, டெனிஸ்ரன் கட்டப்போற பெட்டை எந்த ஊர்?"

"சுஜாந்தினியோ? ஹோர்சன்ஸ்."

"ஆ." அந்த 'ஆ'வில் எல்லாம் இருந்தது.

"என்ன ஆ? விசர்க்கதை கதையாதேங்கோ."

"நான் ஒண்டும் கதைக்கேல்லை. ரெண்டாவது கோலுக்கு அவன் ஏன் பாயேல்லை எண்டுதான் யோசிக்கிறன்."

தவராஜா இறைச்சித் தொழிற்சாலையில் முதுகு போய், முன்கூட்டியே ஓய்வூதியம் எடுத்தவர். நாள் முழுக்க அவருக்கு இருக்கும் ஒரே வேலை வளர்பிறை ஆதரவாளரின் வட்ஸ்அப் குழு. அன்றைக்கே அதில் எழுதினார்: மாமியார் வீட்டுக்கு மாப்பிள்ளை முற்கூட்டியே ஒரு கிண்ணம் கொடுத்திருக்கிறார் போல. சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. அடுத்த நாள் அதே கதையைச் சிரிப்பு முகம் போடாமல் நாலு பேர் எழுதினார்கள். ஒரு கிழமைக்குள் ஒடென்சேயில் அது எல்லோருக்கும் தெரிந்த உண்மை ஆகிவிட்டது.

அப்போதே அவள் வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. அதற்கு அவளிடம் நூறு சாட்டு இருந்தது. இன்றைக்கு வேலை கூட, நாளைக்குச் சொல்வோம். ஆட்கள் ஆறட்டும், பிறகு சொல்வோம். அடிப்படையில் பயம்தான். சாப்பாட்டை எடுத்துவிட்டால் இந்த ஊரில் மனோரஞ்சிதத்துக்கு வேறு என்ன பெயர் இருக்கிறது? டெனிஸ்ரனின் பெயர் நாறிக்கொண்டிருந்தது, அவள் தன்னுடைய பெயரைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அது அவளுக்குத் தெரிந்தும் இருந்தது.

மேரிகிறேஸ் புரட்டாதியில் போன் எடுப்பதை நிறுத்தினாள். அதில் பிழை சொல்ல முடியாது. மகனைப் பற்றி முதற்கதை தொடங்கிய மனிதனின் வீட்டுக்கு யார் போன் எடுப்பார்கள்?

வழக்கமாக அணி தோற்ற வருடங்களில்தான் கழகம் கூடுதலாகச் சத்தம் போடும். கொப்பன்ஹேகன் பக்கத்து இஷொயில் இருந்து இரண்டு பெடியளைக் கதைத்துக் கொண்டுவருவார்கள். ஜெர்மனியில் ஒருவருடைய மருமகன் நல்லாய் விளையாடுவானாம் என்று ஒரு மாதம் கதை ஓடும். பயிற்சியாளர் மாறுவார், ஒன்றுமில்லாவிட்டால் சீருடையின் நிறமாவது மாறும். இந்த முறை ஒன்றுமே இல்லை. புரட்டாதி போனது, ஐப்பசி போனது, புதிதாக ஒருவரும் வரவில்லை, பழைய ஒருவரையும் நிறுத்தவில்லை, நடந்தது என்ன என்று ஒரு வரி அறிக்கைகூட வரவில்லை.

ஆதரவாளர்கள் கொதித்தார்கள். இளைப்பாறிய பஸ் சாரதி அந்தோனிதாசன், இருபது வருடமாக ஒரு ஆட்டமும் தவறவிடாதவர், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் எழுதினார்: தம்பி சுபாங்கன், கோல்கீப்பர் விசயம் என்ன மாதிரி? சுபாங்கன் ஒரு பெருவிரலை மட்டும் போடுவான். அந்தப் பெருவிரலுக்கு என்ன அர்த்தம் என்று மற்றவர்கள் ஞாயிறுவரை விவாதிப்பார்கள். "இஷொயிலை ஒரு கோல்கீப்பர் நிக்கிறானாம், குரங்கு மாதிரிப் பாயுறானாம், ஏன் கதைக்கிறியள் இல்லை?" பெருவிரல். "கழகம் நித்திரையோ?" பெருவிரல். மார்கழி வந்தபோது கோபமும் களைத்துவிட்டது. ஆட்கள் எழுதுவதைக் குறைத்து, பெருமூச்சு விடும் முகங்களைப் போடத் தொடங்கினார்கள். தவராஜா மட்டும் சளைக்கவில்லை. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற அந்த நாட்களில் அவள் நனைந்த கையுறையோடு வேலையால் வந்து கதவைத் திறந்தால், சப்பாத்தைக் கழற்ற முன்னமே அன்றைக்கு யார் என்ன எழுதினார்கள் என்று வாசித்துக் காட்டுவார். அவள் ஓம், ஓம் என்பாள். ஆறு மாதத்தில் அவள் அந்த வீட்டில் கூடுதலாகச் சொன்ன சொல் அதுதான்.

தைமாதத்தில் அவள் பராமரிக்கும் யென்ஸ் என்ற முதியவரும் தொடங்கினார். யூலாந்தில் எங்கோ ஒரு சின்ன ஊர், அந்த ஊர் அணிக்கு அறுபது வருட விசுவாசி. அந்த அணி இலையுதிர் காலத்தில் வரிசையாகத் தோற்றுக் கீழே வந்ததாம், இப்போது குளிர்கால இடைவெளியில் ஒருத்தனையாவது வாங்கவில்லையாம். காலுறை மாட்டும் நேரம் முழுக்க அதே புலம்பல். சொல்லுக்குச் சொல் தவராஜா. இது மொழி மாறினாலும் மாறாத வியாதி என்று அவளுக்கு அன்று விளங்கியது.

"உள்ளே என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாதே, யென்ஸ்," என்றாள் அவள் டேனிஷில்.

"தெரியாததுதான் பிரச்சினை," என்றார் அவர். "சொன்னால் மன்னித்துவிடுவேன்."

அவள் மற்றக் காலுறையை மாட்டினாள்.

அந்தக் கிழமையே ட்ராம் தரிப்பிடத்தில் டெனிஸ்ரனைக் கண்டாள். ஓடி ஒளிய இடமில்லை. அவன்தான் கிட்ட வந்து அவளுடைய சாமான் பையை வாங்கிக்கொண்டான்.

"சுகமோ அன்ரி? தோள் நோ எப்பிடி?"

"கிடக்கு. அம்மா?"

"இருக்கிறா." பையை மற்றக் கைக்கு மாற்றினான். "அன்ரி, நான் இந்தமுறை பேர் குடுக்கேல்லை. சுபாவுக்கு மட்டும்தான் சொன்னனான்."

"ஏனடா?"

"களைச்சுப் போனன். கடைக்குப் போனாலும் ஆரோ ஒரு அங்கிள் நிண்டு, என்ன தம்பி, மாமியார் சுகமோ எண்டு கேக்கிறார்."

"டெனி, அண்டைக்கு நான்..."

"விடுங்கோ அன்ரி." அவன் கொஞ்சம் அவசரமாகவே சொன்னான். "ட்ராம் வருது."

பையை உள்ளே வைத்துவிட்டு அவன் இறங்கிக்கொண்டான். அது அவன் ஏறவேண்டிய ட்ராம். கதவு மூடிய பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. அவள் சொல்லவந்ததைக் கேட்க அவனுக்கு விருப்பமில்லை, அல்லது அவளைச் சொல்லவிட விருப்பமில்லை. எதுவென்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

சுற்றுப்போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் கொடுக்கவேண்டிய கடைசி நாள் பங்குனி முதலாம் திகதி. அதற்குள் டெனிஸ்ரன் மனம் மாறவேண்டும். மாறவேண்டும் என்றால் அவன் பெயரை யாராவது கழுவவேண்டும். அதைச் செய்யக்கூடியவள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

மாசி கடைசி ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு, ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். டென்மார்க்கில் நாலு பேர் சேர்ந்து தையல் பழகினாலும் வருடம் ஒரு பொதுக்கூட்டம் வைத்து, தலைவரைத் தெரிவு செய்து, நிகழ்ச்சிநிரலை வரி வரியாக வாசித்தே ஆகவேண்டும். எங்கள் ஆட்கள் அதை டேனிஷ்காரரைவிட நன்றாகப் பழகிக்கொண்டார்கள். நாற்பது பேர் வந்திருந்தார்கள். உள்ளே வந்தவர்களின் கண் முதலில் போனது மூலை மேசைக்கு. அங்கே கோப்பி மட்டும் இருந்தது.

"மனோ, ரோல்ஸ் எங்கை?" என்றார் அந்தோனிதாசன்.

"இண்டைக்கு இல்லை, அண்ணை."

"என்ன, சுகமில்லையோ?"

இருபத்திரண்டு வருடத்தில் அவள் வெறுங்கையோடு வந்த முதற்கூட்டம் அது. பெடியள் சுவர் ஓரமாக வரிசையாக இருந்தார்கள். டெனிஸ்ரன் வரவில்லை. மேரிகிறேசும் வரவில்லை.

கூட்டம் ஒவ்வொரு வரியாக நகர்ந்தது. தவராஜா எழுந்து, புதிய கோல் காப்பாளரைத் தெரிவு செய்யவேண்டும் என்ற தன் பிரேரணையை மூன்று பக்கத்தில் வாசித்தார். கைதட்டினார்கள். சுபாங்கன் முகத்தில் ஒன்றும் இல்லாமல் குறித்துக்கொண்டான். கடைசியாக 'வேறு விடயங்கள்' என்ற வரி வந்தது. ஒருவருக்கும் வேறு விடயம் இருக்கவில்லை. ஆட்கள் மேலங்கியை எடுக்கத் தொடங்கினார்கள்.

மனோரஞ்சிதம் எழுந்து நின்றாள். "நான் ஒண்டு சொல்லவேணும்."

"மனோ," என்றார் தவராஜா தாழ்ந்த குரலில், "சமையல் விசயத்தைப் பிறகு கதைப்பம்."

"சமையல் விசயம்தான். இருங்கோ."

அவள் எழுதிக்கொண்டு வரவில்லை. எழுதினால் அழகாக எழுதிவிடுவேன் என்று பயந்தாள்.

"அண்டைக்கு இடைவேளையிலை நீங்கள் எல்லாரும் மேடையடியிலை படம் எடுத்துக்கொண்டு நிண்டனீங்கள். நான் பெடியளுக்குப் புட்டும் இறைச்சிக் கறியும் குடுத்தனான். பாயாசமும் குடுத்தனான். டெனிஸ்ரன் வேண்டாம் அன்ரி, முடியச் சாப்பிடுவம் எண்டவன். நான்தான் வில்லங்கத்துக்குத் தீத்தினனான். அவன் ஒருத்தருக்கும் கிண்ணம் குடுக்கேல்லை. அவனாலை குனிய ஏலாமல் இருந்தது. அவ்வளவுதான். ஆறு மாசமாய் இதைச் சொல்லாமல் இருந்திட்டன். அது அதைவிடப் பெரிய பிழை."

மண்டபத்தில் யாரோ ஒருவர் சிரித்தார், சிரித்தது பிழை என்று தெரிந்து இருமினார். அந்தோனிதாசன் விரலை மடித்து எதையோ எண்ணினார். "அப்ப அந்த ரெண்டாவது கோலுக்கு அவன் பாயாமல் நிண்டது..." என்று தொடங்கி, முடிக்காமல் கோப்பிக் கோப்பையைப் பார்த்தார். தவராஜா தன் மூன்று பக்கத்தையும் நாலாக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார்.

சுபாங்கன்தான் பேசினான். "எங்களுக்குத் தெரியும், அன்ரி."

"என்ன தெரியும்?"

"எல்லாம். திண்டது நாங்கள்தானே. அண்டைக்கு பஸ்ஸிலை வரேக்கையே டெனி சொன்னவன், சாப்பாட்டைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாதெண்டு. அன்ரியைக் கிழிச்சுப் போடுவாங்கள், பிறகு அவ சட்டியைத் தொடமாட்டா எண்டவன். நாங்களும் ஓமெண்டம். பிறகு நீங்கள் எல்லாரும் அவனைப் பற்றி எழுதத் தொடங்கினியள். என்னத்தைச் சொல்லுறது? ஒண்டைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேணும். அதாலை ஒண்டும் சொல்லேல்லை. புது ஆளை எடுத்தால் அவன் பிழை விட்டவன் எண்டு நாங்களே கையெழுத்து வைச்ச மாதிரி. அதாலை ஒருத்தரையும் எடுக்கேல்லை." அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் ரெண்டு மூண்டு தரம் அவனைக் கேட்டனான், சொல்லட்டோ எண்டு. வேண்டாம் எண்டவன்."

மனோரஞ்சிதம் இருந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை, வெட்கம் வந்தது. கால்முட்டில் இருந்து காதுவரை ஏறுகிற வெட்கம். தான் ஒளிந்திருக்கிறோம் என்று ஆறு மாதமாக நினைத்திருந்தாள். அவளை ஒளித்து வைத்திருந்தது அந்தப் பெடியள். அந்தச் செலவு முழுதும் ஒருவன் தலையில் போயிருக்கிறது.

ஆட்கள் மேலங்கிகளை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். கதவடியில் அந்தோனிதாசன் அவளைப் பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார்.

திங்கட்கிழமை அவள் வேலையால் வந்தபோது தவராஜா சோபாவில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனோடு இருந்தார். வழக்கம்போல வாசித்துக் காட்டவில்லை. ஆவணியில் இருந்து தான் எழுதியவற்றை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். பாதி அழித்த பிறகுதான், அவ்வளவு பழையவற்றை மற்றவர்களின் போனில் இருந்து அழிக்க முடியாது, தன்னுடையதில் இருந்து மட்டும்தான் போகும் என்று அவருக்குத் தெரியவந்தது. என்றாலும் மீதியையும் அழித்தார். அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"அவனுக்கு எடு மனோ," என்றார். "இன்னும் நாள் கிடக்கு. சுபாங்கன் பட்டியலை அனுப்பேல்லையாம். நானும் மன்னிப்புக் கேக்கிறன்."

அவள் அவருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தாள். இரண்டாவது மணியிலேயே டெனிஸ்ரன் எடுத்தான்.

"சுபா சொன்னவன், அன்ரி. நீங்கள் ஏன் சொன்னீங்கள்? தேவையில்லையே."

"தேவை. முந்தியே சொல்லியிருக்கவேணும். அங்கிளும் பக்கத்திலை இருக்கிறார்."

"தம்பி," என்றார் தவராஜா. "நான் எழுதினது பிழை. குழுவிலையும் எழுதிப்போடுறன், எல்லாரும் பாக்க. என்னை மன்னிச்சுக்கொள்."

"பரவாயில்லை, அங்கிள்."

"அப்ப பேர் குடுக்கிறியோடா?" என்று கேட்டாள் மனோரஞ்சிதம்.

"நை, அன்ரி," என்று டேனிஷில் மறுத்தான். "போன கிழமை நான் ஹோர்சன்ஸுக்குப் பேர் குடுத்திட்டன். சுஜாந்தினியின்ரை தம்பி கேட்டவன். கலியாணம் முடிய அங்கைதானே இருக்கப்போறன். அவங்கள் ஒண்டும் விசாரிக்கேல்லை. வா, வந்து நில் எண்டு மட்டும்தான் சொன்னவங்கள்."

"எங்களிலை கோவமோ?"

"கோவம் இல்லை, அன்ரி. உண்மையாய் இல்லை. எனக்கு அலுத்துப்போச்சு, அவ்வளவுதான்." பிறகு சொன்னான்: "அம்மாவோடை ஒருக்கால் கதையுங்கோ. அவ சொல்லமாட்டா, ஆனால் உங்களைப் பாத்துக்கொண்டிருக்கிறா."

போன் ஓய்ந்த பிறகும் இருவரும் மேசையடியிலேயே இருந்தார்கள். வெளியே மழையா பனியா என்று சொல்லமுடியாத ஒன்று பெய்துகொண்டிருந்தது. ஒரு கிழமை. புரட்டாதியில் சொல்லியிருக்கலாம், ஐப்பசியில் சொல்லியிருக்கலாம், ட்ராமடியில் அவன் கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லியிருக்கலாம். ஒரு கிழமைக்கு முன்னம் சொல்லியிருந்தால்கூடப் போதும்.

தவராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவன் போனால் எங்களுக்கு ஆர் மனோ கோல் காக்கிறது?" என்றார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார். "இவனை மாதிரி ஒருத்தன் இனி எங்கை கிடைப்பான்?"

அவளுக்கு முதலில் வாயில் வந்தது வேறு. ஆறு மாதமாகப் புது ஆள் வேண்டும், புது ஆள் வேண்டும் என்று வாசித்துக் காட்டியவர் இவர். அதைச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. ஆனால் அவரை மட்டும் குற்றம் சொல்ல அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

"நீங்கள் எழுதி எழுதி, நான் பேசாமல் இருந்து இருந்து, ரெண்டு பேருமாய்த்தான் பெடியனை ஹோர்சன்ஸுக்கு அனுப்பியிருக்கிறம்," என்றாள்.

அவள் எழுந்து, அப்போதுதான் கழற்றிய ஈர மேலங்கியைத் திரும்பவும் போட்டுக்கொண்டு, மேரிகிறேஸ் வீட்டுக்குப் புறப்பட்டாள்.